வெர்னன் டியூக்

வெர்னன் டியூக் (அக்டோபர் 10, 1903 – சனவரி 16, 1969) ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இசையமைப்பாளரும் கவிஞரும் ஆவார். இவரது இயற்பெயர் விளாதிமிர் அலெக்சாந்திரோவிச் துகெல்ஸ்கி. 'ஏப்ரல் இன் பாரிஸ்', 'ஆட்டம் இன் நியூயார்க்', 'ஐ கான்ட் கெட் ஸ்டார்ட்டட்' ஆகிய புகழ்பெற்ற பாடல்களுக்கு இவரே மெட்டமைத்தார். மேடைக்கும் திரைக்கும் எழுதிய மெல்லிசைப் பாடல்களை வெர்னன் டியூக் என்ற பெயரிலும், சிம்பொனி, பாலே, கான்செர்ட்டோ, ஒரட்டோரியோ போன்ற செவ்வியல் ஆக்கங்களைத் துகெல்ஸ்கி என்ற இயற்பெயரிலும் வெளியிட்டு வந்தார். 1920களின் தொடக்கத்தில் ஏற்பட்ட இப்பிரிவினை 1955 வரை நீடித்தது. ஒருவரே இருவராக வாழ்ந்த இந்த ஏற்பாடு அவருக்கு எந்த அளவு உதவியது, எந்த அளவு இடையூறாக இருந்தது என்பது அவரது வாழ்க்கையைப் பற்றி எழுதுவோர் யாவரும் எதிர்கொள்ளும் கேள்வியாகும்.

பிறப்பும் இளமையும்

துகெல்ஸ்கி அன்றைய ரஷ்யப் பேரரசின் மின்ஸ்க் மாகாணத்தில், பராஃபியானவோ என்ற ஊரில் பிறந்தார். இவ்வூர் பின்னர் பெலருஸ் நாட்டின் பகுதியானது. இவருடையது பிரபு குடும்பம். ரஷ்ய இரத்தத்துடன் ஜார்ஜிய, ஆஸ்திரிய, ஸ்பானிய இரத்தமும் கலந்த மரபு அது. குடும்பம் கீவ் நகரில் வாழ்ந்தது. பதினொரு வயதில் கீவ் இசைக் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். அங்கு இரெய்ன்கோல்ட் கிளியேரிடம் இசையாக்கத்தையும், போலெஸ்லாவ் யாவோர்ஸ்கியிடம் இசைக் கோட்பாட்டையும் கற்றார். கிளியேர் அதற்கு முன்பே செர்கேய் புரோகோஃபியெவுக்கும் ஆசிரியராக இருந்தவர். எனவே துகெல்ஸ்கியும் புரோகோஃபியெவும் ஒருசாலை மாணாக்கர் ஆவர். இந்த உறவு பிற்காலத்தில் ஆழமான நட்பாக மலர்ந்தது.

1917 புரட்சியைத் தொடர்ந்து மூண்ட உள்நாட்டுப் போரினால் 1919இல் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. பிற அகதிகளுடன் கான்ஸ்டான்டினோபிளில் (பின்னாளைய இஸ்தான்புல்) ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்க நேர்ந்தது. ரஷ்ய அகதிகள் நிரம்பிய அந்நகரில் இவர் கவிஞர் பரீஸ் பொப்லாவ்ஸ்கியுடன் பழகிக் கவிதையும் எழுதினார். 1921இல் அமெரிக்க விசா கிடைத்தது. கப்பலில் மிகக் குறைந்த கட்டண வகுப்பில் பயணம் செய்து குடும்பம் நியூயார்க் வந்து சேர்ந்தது. அப்போது துகெல்ஸ்கிக்கு வயது பதினெட்டு நிரம்பவில்லை அல்லது அப்போதுதான் நிரம்பியிருந்தது. கையில் பொருள் இல்லை. கற்ற கல்வி மட்டுமே இருந்தது.

பெயர் வந்த விதம்

நியூயார்க்கில் 1922ஆம் ஆண்டளவில் ஜார்ஜ் கெர்ஷ்வினின் அறிமுகம் துகெல்ஸ்கிக்குக் கிடைத்தது. கெர்ஷ்வின் இவரைவிட ஐந்து வயது மூத்தவர். அதற்குள் பாடல் எழுதிப் பெயரும் பணமும் ஈட்டியவர். ஐரோப்பிய நவீன இசையை மட்டுமே உயர்வாகக் கருதி வளர்ந்த இளைஞருக்கு, மெல்லிசையும் ஓர் இசையாளன் மதிப்போடு செய்யத்தக்க தொழிலே என்று உணர்த்தியவர் கெர்ஷ்வினே.

அத்துறைக்கு ஒரு தனிப்பெயர் வைத்துக்கொள்ளுமாறு கூறியவரும் அவரே. அமெரிக்க நாவில் எளிதில் புரளாத விளாதிமிர் துகெல்ஸ்கி சுருங்கி வெர்னன் டியூக் ஆனது. கெர்ஷ்வினுக்கு இதில் முன்னனுபவம் உண்டு. அவரே ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகனாக ஜேக்கப் என்ற பெயருடன் பிறந்து, ஜார்ஜ் கெர்ஷ்வினாக மாறியவர்.

ஆனால் இரண்டு பெயர் மாற்றங்களுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உள்ளது. கெர்ஷ்வின் பழைய பெயரை முழுமையாகக் கைவிட்டார். மேடைப் பாடல், 'ராப்சடி இன் புளூ' (1924), 'போர்கி அண்ட் பெஸ்' (1935) என எதை எழுதினாலும் ஒரே பெயரில் எழுதினார். துகெல்ஸ்கியோ பழைய பெயரைத் தக்கவைத்துக்கொண்டு அதற்கு அருகில் புதிய பெயரை நிறுத்தினார். முதல் பெயர் கச்சேரி அரங்குக்கு; இரண்டாவது பெயர் நாடக மேடைக்கு. வருவாய்க்காக எழுதும் பாடல்களால் செவ்வியல் இசையுலகில் தன் மதிப்புக் குறையலாகாது என்ற எச்சரிக்கை இதில் இருந்தது. அக்காலத்தில் அவ்வெச்சரிக்கை தேவையற்றது என்று கூறிவிட முடியாது.

இரு பெயர்களுக்கும் ஆங்கில முதலெழுத்துகள் ஒன்றே (வி. டி.) என்பதும், ஆங்கிலத்தில் டியூக் என்ற சொல் பிரபுக்களின் பட்டமாகும் என்பதும் கவனிக்கத்தக்கவை. நிலமும் நாடும் இழந்து வந்த பிரபு குடும்பத்துப் பிள்ளைக்குப் புனைபெயரில் ஒரு பட்டம் மீண்டும் கிடைத்தது.

பாரிஸ்

பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைனின் ஊக்கத்தால் துகெல்ஸ்கி ஒரு பியானோ கான்செர்ட்டோவை இயற்றினார். அதை எடுத்துக்கொண்டு 1924இல் பாரிஸ் சென்றார். பாலே ரூஸ் என்ற புகழ்பெற்ற நடனக் குழுவின் தலைவர் செர்கேய் தியாகிலெவ் அக்கான்செர்ட்டோவைக் கேட்டார். உடனே ஒரு பாலேவுக்கு இசையமைக்கும் பணியை இருபது வயது இளைஞரிடம் ஒப்படைத்தார். ஸ்ட்ராவின்ஸ்கியையும் புரோகோஃபியெவையும் பாலே இசைக்குக் கொண்டுவந்து உலகறியச் செய்தவர் தியாகிலெவ். அவரது அழைப்பு எத்தகைய வாய்ப்பு என்பதை இதிலிருந்து அறியலாம்.

அவ்வாறு உருவான 'செஃபிர் எ ஃப்ளோர்' 1925இல் மான்டே கார்லோவிலும் பின்னர் பாரிசிலும் அரங்கேறியது. நடன அமைப்பு லெயோனித் மசீன். மேடை ஓவியம் ஜார்ஜ் பிராக். புரோகோஃபியெவ் இவ்விசையின் மெட்டுகளைப் பெரிதும் பாராட்டினார். செர்கேய் கூசெவிட்ஸ்கி துகெல்ஸ்கியின் ஆக்கங்களைப் பதிப்பிக்கவும் இயக்கவும் முன்வந்தார். முதல் சிம்பொனி 1928இல் பாரிசில் கூசெவிட்ஸ்கியின் இயக்கத்தில் அரங்கேறியது. அதே நிகழ்ச்சியில் புரோகோஃபியெவின் 'தீத்தேவதை' ஓப்பராவின் பகுதிகளும் இசைக்கப்பட்டன. இரண்டாவது சிம்பொனி 1930இல் பாஸ்டனில் அரங்கேறியது.

இந்நிலையில் ஒரு சாதாரண இளைஞர் அடுத்த பெயரை மறந்திருப்பார். துகெல்ஸ்கி மறக்கவில்லை.

இலண்டன்

1920களின் பிற்பகுதியில் இவரது வாழ்க்கை பாரிசுக்கும் இலண்டனுக்கும் இடையே பங்கிடப்பட்டது. பாரிசில் துகெல்ஸ்கி; இலண்டனில் டியூக். 'இவான்' என்று ஒலிக்கும் ஆணின் பெயரோடு குழப்பிக்கொள்ளக் கூடாத 'இவோன்' (1926) என்ற இசை நாடகத்திற்குச் சில பாடல்கள் எழுதினார். எட்கார் வாலஸ் கதை எழுதிய 'த யெல்லோ மாஸ்க்' (1928) இவரது இசையுடன் மேடையேறியது. செவ்வியல் ஆக்கங்கள் புகழைத் தந்தன. நாடகப் பாடல்கள் வாடகை கொடுத்தன.

இது நண்பர்களுக்குப் பிடிக்கவில்லை. தியாகிலெவ் இதை இழிவாகவே கருதினார். புரோகோஃபியெவ் இவருக்கு எழுதிய கடிதங்களில் இக்கண்டனம் மீண்டும் மீண்டும் வருகிறது. மலிவான இசையை எழுதும் கை நாளடைவில் நல்ல இசை எழுதும் திறனை இழந்துவிடும் என்பது அவரது அச்சம். பெயரை மாற்றிக்கொண்டால் போதாது, எழுதுவது ஒரே கைதானே என்பது அவர் வாதத்தின் சாரம். இதற்கு மாறாக கெர்ஷ்வின், மெல்லிசையைத் தாழ்வாக நினைக்க வேண்டாம் என்று கூறி வந்தார். துகெல்ஸ்கி மிகவும் மதித்த இரு நண்பர்கள் இவ்வாறு எதிரெதிர்த் திசைகளில் இழுத்தனர். இருவருள் எவருடைய சொல்லையும் அவர் முழுமையாக ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை.

பிராட்வே

1929இல் துகெல்ஸ்கி அமெரிக்காவுக்குத் திரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில் தியாகிலெவ் வெனிசில் காலமானார். பாலே ரூஸ் கலைந்தது. அவருக்கு அஞ்சலியாக ஓசிப் மாண்டல்ஸ்டாமின் கவிதையைக் கொண்டு 'எபிடாஃப்' என்ற ஆக்கத்தைப் பாடகி, குழுப்பாடகர், இசைக்குழு ஆகியோருக்காகத் துகெல்ஸ்கி எழுதினார். அது துகெல்ஸ்கியின் பணி. டியூக்கின் பணி வேறு. நியூயார்க்கின் அஸ்டோரியாவில் இருந்த பாரமவுண்ட் படப்பிடிப்பு நிலையத்தில் பின்னணி இசை எழுதுவதும், பிராட்வே பல்சுவை நிகழ்ச்சிகளுக்கு ஓரிரு பாடல் கொடுப்பதும் டியூக்கின் வேலையாக இருந்தன.

1932 டிசம்பரில் 'வாக் எ லிட்டில் ஃபாஸ்டர்' என்ற நிகழ்ச்சி மேடையேறியது. அதில் இடம்பெற்ற பாடலே 'ஏப்ரல் இன் பாரிஸ்'. பாடலாசிரியர் இ. ஒய். ஹார்பர்க் அதுவரை பாரிசைக் கண்டவர் அல்லர். மெட்டமைத்தவருக்கோ பாரிஸ் இளமையின் நகரம். தொடக்கத்தில் இப்பாடலை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பின்னர் இரவு விடுதிகளில் பாடப்பட்டு மெல்லப் பரவியது. 1934இல் 'தம்ப்ஸ் அப்' நிகழ்ச்சிக்காக 'ஆட்டம் இன் நியூயார்க்' பாடலை எழுதினார். இதன் சொற்களும் டியூக்குடையவையே. ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஒருவர், கற்றுக்கொண்ட மொழியில், வந்தேறிய நகரத்தைப் பற்றி எழுதிய பாடல் அந்நகரத்தின் பாடலாகவே நிலைத்துவிட்டது.

'சீக்ஃபெல்ட் ஃபாலிஸ்' நிகழ்ச்சியின் 1934, 1936ஆம் ஆண்டுப் பதிப்புகளுக்கும் டியூக் இசையமைத்தார். 1936 பதிப்பின் பாடலாசிரியர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் அண்ணன் ஐரா கெர்ஷ்வின். ஃபானி பிரைஸ், ஜோசபின் பேக்கர் ஆகியோர் நடித்த இந்நிகழ்ச்சியில் பாப் ஹோப் 'ஐ கான்ட் கெட் ஸ்டார்ட்டட்' பாடலைப் பாடினார். அடுத்த ஆண்டு எக்காளக் கலைஞர் பன்னி பெரிகன் அதைப் பதிவு செய்த பின்பே அது நாடெங்கும் பரவியது.

இப்பாடல்களில் துகெல்ஸ்கியின் கல்வி மறைந்திருக்கிறது என்று இசையறிஞர் பலர் கருதுகின்றனர். எதிர்பாராத இடத்தில் சுருதி மாறுவதும், மெட்டு எளிமையாகத் தோன்றினாலும் அதன் கீழ் ஓடும் ஒத்திசைவு சிக்கலாக இருப்பதும் அக்காலப் பிராட்வே பாடல்களில் அரிது. 'ஆட்டம் இன் நியூயார்க்' பாடலைப் புதிதாகப் பாட முயல்வோர் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இத்தகைய திருப்பங்களே. இசையமைப்பாளர் அலெக் வைல்டர் 1972இல் வெளியிட்ட அமெரிக்க மெல்லிசை பற்றிய நூலில் 'ஏப்ரல் இன் பாரிஸ்' பாடலை மிக உயர்வாக மதிப்பிட்டார். ஜாஸ் கலைஞர்கள் இப்பாடல்களை விரும்பி எடுத்தாள்வதற்கும் இவ்வொத்திசைவுச் செழுமையே காரணம். பெயரைப் பிரித்ததுபோல் இசையைப் பிரிக்க முடியவில்லை என்றே கூற வேண்டும். ஆயினும் துகெல்ஸ்கியின் சிம்பொனிகளில் டியூக்கின் சாயல் தேடினால் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. கச்சேரி அரங்கில் அவர் கூடுதல் கவனத்துடன் இருந்தார் போலும்.

கெர்ஷ்வினின் மறைவும் சட்டப்படியான பெயரும்

1937 சூலை 11இல் ஜார்ஜ் கெர்ஷ்வின் மூளைக்கட்டியால் 38 வயதில் காலமானார். அப்போது அவர் 'த கோல்ட்வின் ஃபாலிஸ்' திரைப்படத்திற்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். முடிவுறாத அப்பணியை நிறைவுசெய்ய டியூக் அழைக்கப்பட்டார். நண்பர் விட்டுச்சென்ற பாடல்களின் முன்பகுதிகளை ஐரா கெர்ஷ்வினுடன் சேர்ந்து நிறைவாக்கியதோடு, ஜார்ஜ் பாலன்சின் நடனம் அமைத்த பாலே காட்சிகளுக்கும் இசை எழுதினார். படம் 1938இல் வெளியானது. தனக்குப் பெயரளித்தவரின் கடைசிப் பணியை அப்பெயராலேயே முடித்துக்கொடுக்கும் நிலை இவருக்கு வாய்த்தது.

அதே 1938ஆம் ஆண்டு சனவரியில் துகெல்ஸ்கியின் மிகப்பெரிய ஆக்கமான 'செயிண்ட் பீட்டர்ஸ்பர்கின் முடிவு' என்ற ஒரட்டோரியோ நியூயார்க்கில் ஹியூ ராஸ் இயக்கத்தில் அரங்கேறியது. லமனோசவ் முதல் மாயகோவ்ஸ்கி வரையிலான ரஷ்யக் கவிஞர்களின் கவிதைகளைக் கொண்டு, அழிந்துபோன ஒரு தலைநகரைப் பாடும் ஆக்கம் அது. ஹாலிவுட் பணியும் இதுவும் ஒரே காலத்தவை என்பது இரு பெயர்களுக்கும் இடையிலான தொலைவைக் காட்டும். செவ்வியல் இசையையும் மெல்லிசையையும் ஒரே மேடையில் கேட்கச் செய்யும் கச்சேரித் தொடர் ஒன்றையும் இவர் இக்காலத்தில் நியூயார்க்கில் நடத்திப் பார்த்தார். இரு துறைகளையும் பிறர் பெயரால் ஒன்றுசேர்க்க முயன்றவர், தன் பெயர்களை மட்டும் சேர்க்கவில்லை.

1939இல் இவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அப்போது வெர்னன் டியூக் என்பதையே சட்டப்படியான பெயராக ஏற்றுக்கொண்டார். இதனால் ஒரு விந்தையான நிலை உருவானது. அதுவரை துகெல்ஸ்கி இயற்பெயர், டியூக் புனைபெயர். அதன்பின் சட்டத்தின் கண்ணில் டியூக் உண்மைப் பெயராகவும், பிறந்தபோது இடப்பட்ட பெயர் புனைபெயராகவும் ஆகிவிட்டன. எனினும் கச்சேரி நிகழ்ச்சி நிரல்களில் துகெல்ஸ்கி என்றே தொடர்ந்து அச்சிடச் செய்தார்.

புரோகோஃபியெவுடன் நட்பு

புரோகோஃபியெவ் 1936இல் குடும்பத்துடன் சோவியத் ஒன்றியத்தில் குடியேறினார். 1938இல் அமெரிக்காவுக்கு இசைப்பயணமாக வந்தபோது, ஹாலிவுட்டில் வாரத்திற்கு 2500 டாலர் ஊதியத்தில் ஒரு வாய்ப்பை டியூக் அவருக்கு ஏற்பாடு செய்ததாகத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். புரோகோஃபியெவ் மறுத்துவிட்டார். அவருடைய இரு மகன்களும் மாஸ்கோவில் இருந்தனர். திரும்பியே ஆக வேண்டும். அதன்பின் அவர் சோவியத் எல்லையைத் தாண்டியதில்லை. இருவரும் மீண்டும் சந்திக்கவும் இல்லை. கடிதத் தொடர்பும் 1940களின் பிற்பகுதியில் அறுந்தது.

கேட்பாரின்றிப் போகும் மலிவான இசை என்று நண்பனைப் பல ஆண்டுகள் கடிந்துகொண்டவர், 1948இல் தம் நாட்டு அரசினாலேயே மக்களுக்கு விளங்காத இசை எழுதுபவர் என்று கண்டிக்கப்பட்டார். இரண்டு பெயர்களில் எழுதும் வசதி அவருக்கு இருக்கவில்லை.

கேபின் இன் த ஸ்கை

டியூக்கின் மேடை வாழ்வில் மிகச் சிறந்த வெற்றி 'கேபின் இன் த ஸ்கை' (1940) ஆகும். அமெரிக்கக் கருப்பின மக்களின் வாழ்வையும் நம்பிக்கையையும் அடிப்படையாகக் கொண்ட இந்த இசை நாடகத்தில் நடித்தோர் அனைவரும் கருப்பினக் கலைஞர்கள். ஈத்தல் வாட்டர்ஸ், டாட் டங்கன், கேத்தரின் டன்ஹம் ஆகியோர் முதன்மை வேடம் ஏற்றனர். இயக்கமும் நடனமும் பாலன்சின். பாடல்கள் ஜான் லடூஷ். கீவ் நகரத்து இசை மாணவர் ஒருவர் இதற்கு இசையமைக்கத் தகுதியுடையவரா என்ற ஐயம் டியூக்குக்கே இருந்தது. நாட்டார் இசையைப் போலி செய்வதைத் தவிர்த்து, தனக்குத் தெரிந்த மேடை மெட்டிலேயே எழுதுவது என்று முடிவெடுத்தார். அது சரியான முடிவு என்பதைக் காலம் காட்டியது.

இந்நாடகத்தின் புகழ்பெற்ற பாடலான 'டேக்கிங் எ சான்ஸ் ஆன் லவ்' முதலில் திட்டத்திலேயே இல்லை. அரங்கேற்றத்திற்குச் சில நாட்களுக்கு முன் ஈத்தல் வாட்டர்சுக்கு வலுவான பாடல் ஒன்று தேவைப்பட்டது. டெட் ஃபெட்டருடன் சேர்ந்து முன்பே எழுதிப் பயன்படுத்தாமல் வைத்திருந்த மெட்டு ஒன்றை டியூக் எடுத்துக் கொடுத்தார். லடூஷ் சொற்களைத் திருத்தினார். மேடையில் 156 முறை நடைபெற்ற இந்நாடகத்தை 1943இல் வின்சென்ட் மினெல்லி திரைப்படமாக்கினார்.

போரும் அதன் பின்னும்

இரண்டாம் உலகப்போரின்போது 1942 முதல் 1944 வரை டியூக் அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் பணியாற்றினார். அங்கு 'டார்ஸ் அண்ட் ஸ்பார்ஸ்' என்ற நிகழ்ச்சிக்கு இசையமைத்தார். பின்னாளில் தொலைக்காட்சி நகைச்சுவையில் கோலோச்சிய சிட் சீசர் என்ற இளைஞரை அடையாளம் கண்டதும் இங்குதான்.

துகெல்ஸ்கியும் இக்காலத்தில் ஓய்வெடுக்கவில்லை. வயலின் கான்செர்ட்டோ 1943இல் பாஸ்டனில் ரூத் போசல்ட்டின் வாசிப்பில் அரங்கேறியது. செல்லோ கான்செர்ட்டோவை 1946இல் கிரெகர் பியாதிகோர்ஸ்கி, கூசெவிட்ஸ்கி இயக்கிய பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் வாசித்தார். இவ்வளவு பெரிய கலைஞர்கள் முன்வந்தும் இவ்வாக்கங்கள் மீண்டும் மீண்டும் வாசிக்கப்படும் நிலையை அடையவில்லை. திறனாய்வாளர்கள் துகெல்ஸ்கியைக் கேட்கும்போது டியூக்கை நினைத்தனர் என்பது ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. பெயர் பிரிக்கப்பட்டிருந்தும் இருவரும் ஒருவரே என்பது எவருக்கும் மறைவாக இருக்கவில்லை. மறைக்காத புனைபெயர் பாதுகாப்பையும் தரவில்லை. பாடலால் ஈட்டிய புகழைக் கச்சேரி அரங்குக்குக் கொண்டுவரவும் உதவவில்லை.

இதே இக்கட்டைப் பிறர் வேறு வகைகளில் கையாண்டனர். ஆங்கிலேயரான ஃபிலிப் ஹெசல்டைன் (1894–1930) திறனாய்வைச் சொந்தப் பெயரிலும் இசையாக்கங்களைப் பீட்டர் வார்லாக் என்ற பெயரிலும் வெளியிட்டார். வயலின் மேதை ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் தான் இயற்றிய சிறு ஆக்கங்களைப் பழங்கால இசையாளர்களின் பெயரில் வாசித்து வந்து, 1935இல் உண்மையை ஒப்புக்கொண்டார். செருமனியிலிருந்து அமெரிக்கா வந்த குர்ட் வைல் பாணியை மாற்றினார், பெயரை மாற்றவில்லை.

1946இல் டியூக் பிரான்சு சென்றார். ரோலான் பெத்தியின் நடனக் குழுவுக்காக ஒரு பாலே எழுதினார். பிரெஞ்சுப் பாடல்களுக்கும் மெட்டமைத்தார். 1948 வாக்கில் அமெரிக்கா திரும்பிக் கலிபோர்னியாவில் குடியேறினார். அவரது பிற்கால மேடை முயற்சிகள் பெரும்பாலும் கைகூடவில்லை. பெட்டி டேவிஸ் நடித்த 'டூஸ் கம்பெனி' (1952) அவரது உடல்நலக் குறைவால் இடையில் நின்றது. 1963இல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'சென்டா' பிராட்வேயை எட்டவில்லை. 'டைம் ரிமெம்பர்ட்' (1957) என்ற நாடகத்திற்கு எழுதிய இசையே பிராட்வேயில் அவரது இறுதிப் பங்களிப்பாக அமைந்தது. அதே ஆண்டு பாடகி கே மெக்கிராக்கனை மணந்தார்.

ஒரே பெயர்

1955இல் 'பாஸ்போர்ட் டு பாரிஸ்' என்ற தன்வரலாற்று நூல் வெளிவந்தது. நூலாசிரியர் பெயர் வெர்னன் டியூக். தன் இரட்டை வாழ்க்கையை நகைச்சுவையோடும் சற்றுக் கசப்போடும் அதில் விவரித்துள்ளார். அவ்வாண்டுடன் துகெல்ஸ்கி என்ற பெயரை இசையிலிருந்து விலக்கினார். அதன்பின் எழுதிய செவ்வியல் ஆக்கங்களும் வெர்னன் டியூக் என்ற பெயரிலேயே வந்தன. எந்தப் பெயரின் மதிப்பைக் காக்க இப்பிரிவினை தொடங்கியதோ அந்தப் பெயரே கைவிடப்பட்டது. உலகம் நினைவில் வைத்திருந்தது பாடல் எழுதிய பெயரைத்தான்.

எனினும் கவிதை வேறு. 1960களில் இவர் எழுதிய நான்கு ரஷ்யக் கவிதைத் தொகுதிகள் செருமனியின் மியூனிக் நகரில் அச்சிடப்பட்டன. அவற்றின் அட்டையில் ரஷ்ய எழுத்தில் துகெல்ஸ்கி என்ற பெயரே இருந்தது. தாய்மொழியில் எழுதும்போது டியூக் என்ற பெயர் பொருந்தவில்லை போலும்.

இக்காலத்தில் இவர் காரசாரமான கட்டுரைகளும் எழுதினார். மறக்கப்பட்ட நல்லிசையை மீட்பதற்கென ஒரு சங்கம் நிறுவினார். 1963இல் வெளியான 'லிசன் ஹியர்!' என்ற நூல் இசையுலகின் போலிப் புகழ்களைச் சாடியது. அடுத்த ஆண்டு இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி மீதான வழிபாட்டைத் தாக்கி எழுதிய கட்டுரைக்கு ஸ்ட்ராவின்ஸ்கியே பதில் எழுதினார். அதன் தலைப்பு டியூக்கின் முதலெழுத்துகளை வைத்து அமைந்த சிலேடை. ஆங்கிலத்தில் அவ்வெழுத்துகள் பால்வினை நோயையும் குறிக்கும். எந்தப் பெயரை எடுத்துக்கொண்டாலும் இக்கேலியிலிருந்து தப்பியிருக்க முடியாது.

மறைவும் பிற்கால மதிப்பும்

வெர்னன் டியூக் நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு, அறுவைச் சிகிச்சையின்போது 1969 சனவரி 16 அன்று கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் காலமானார். 1970இல் அமெரிக்கப் பாடலாக்குநர் புகழ் மன்றத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது. இவரது கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் வாசிங்டன் நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

'ஏப்ரல் இன் பாரிஸ்' பாடலைக் கவுண்ட் பேசி இசைக்குழு 1955இல் பதிவு செய்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து அதனையும் 'ஆட்டம் இன் நியூயார்க்' பாடலையும் பாடியுள்ளனர். பில்லி ஹாலிடே, ஃபிராங்க் சினாட்ரா, சார்லி பார்க்கர் எனப் பட்டியல் நீளும்.

செவ்வியல் ஆக்கங்களுக்கு வாய்ப்பு தாமதமாகவே வந்தது. ரூபின்ஸ்டைனுக்காக எழுதப்பட்ட பியானோ கான்செர்ட்டோவுக்குத் துகெல்ஸ்கி இசைக்குழுப் பகுதியை எழுதி முடிக்கவில்லை. அதை ஸ்காட் டன் என்ற பியானோ கலைஞர் எழுதி நிறைவுசெய்து 1999இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் வாசித்தார். பின்னர் நாக்சோஸ் நிறுவனம் இதையும் செல்லோ கான்செர்ட்டோவையும் ஒலிவட்டாக வெளியிட்டது. அதில் இசையமைப்பாளர் பெயர் வெர்னன் டியூக். கெனாதி ரொஸ்தெஸ்த்வென்ஸ்கி இயக்கத்தில் சாண்டோஸ் நிறுவனம் வெளியிட்ட 'செஃபிர் எ ஃப்ளோர்', 'எபிடாஃப்' ஒலிவட்டில் பெயர் விளாதிமிர் துகெல்ஸ்கி. இவ்விரண்டு ஒலிவட்டுகளும் கடைகளிலும் நூலகப் பட்டியல்களிலும் வெவ்வேறு எழுத்தின் கீழ் அடுக்கப்படாமல் ஒரே எழுத்தின் கீழ் அருகருகே அமைவது, முதலெழுத்துகள் ஒன்றாக இருந்ததன் பயனாகும்.